வீடு மாறிய தபால்

நூர்ஸாத் அந்தப் படப் புத்தகத்தை மேசை மேல் போட்டாள். போட்டாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அறைந்தாள்.

“இது என்ன கூத்து, புருல் அக்கா?”

நரின் ஊர் பாலர் பள்ளி. புருல் அங்கே டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்கு மூளையைப் பற்றிச் சொல்ல, அட்டை வெட்டித் தைத்த புத்தகம் அது.

“மூளைப் புத்தகம். உன் மக சொல்லலியா?”

“சொன்னா. சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அதான் வந்தேன்.”

கதை இதுதான். மூளைக்குள் ஒரு தொப்பைத் தபால்காரர். வேண்டிய சொல்லை வாயில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. ஒருநாள் குதிரை உதைத்துவிட்டது. அதிலிருந்து தபால் எல்லாம் வீடு மாறிப் போகிறது. ஒரு கிழவர் தொப்பி கேட்க நினைக்கிறார். வாயில் ‘கெட்டில்’ என்று வருகிறது. கெட்டிலைக் கொடுக்கிறார்கள். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார்.

இந்த இடத்தில் பிள்ளைகள் தரையில் உருளும்.

“இந்தக் கிழவர் யாருன்னு ஊருக்கே தெரியும்,” என்றாள் நூர்ஸாத். “எங்க வீட்டுப் பெரியவரு.”

போன குளிர்காலத்தில் அவள் மாமனாருக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. வலது கை விழுந்தது. சொற்கள் இடம் மாறின. வீட்டில் வாய் திறப்பதையே விட்டுவிட்டார். காலையில் பேத்தியைப் பள்ளிக்குக் கூட்டிவருவார். மாலை வரை அங்கேயே இருந்து கூட்டிப்போவார். வேறு போக்கிடம் கிடையாது.

“எந்தப் பெரியவரு? பேரைச் சொல்லு.” புருலுக்குக் குசும்பு.

“மருமக வாயால மாமனார் பேரா? நல்லா கேட்டீங்க.”

சொல்ல மாட்டாள். அவர் பெயர் கோய்ச்சுமான். அவர்கள் மொழியில் கோய் என்றால் ஆடு. அதனால் ஆட்டைக்கூட அவள் ஆடு என்று சொல்வதில்லை. கசாப்புக் கடையில் ‘ஒரு கிலோ மே கறி’ என்றுதான் கேட்பாள். ஊரில் மருமகள்கள் எல்லாம் அப்படித்தான்.

“நான் அவ்வளவு மரியாதை வச்சிருக்கேன். நீங்க அவரைக் கோமாளி ஆக்கிட்டீங்க. படமாவது ஒழுங்கா இருக்கா? கோழி கிளறின மாதிரி.”

“பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கு.”

“கிழிச்சுப் போடுங்க. நாளையிலேருந்து பிள்ளையை நானே கூட்டிட்டு வரேன். அவரு வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஊர் சிரிக்க வேணாம்.”

புருல் ஜன்னலைக் காட்டினாள்.

முற்றத்துப் பெஞ்சில் கிழவர். காற்று அவர் தொப்பியைத் தட்டிவிட்டிருந்தது.

“கெட்டில்... கெட்டில்...” என்று கையை நீட்டினார்.

நூர்ஸாத் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தாள். ஒரு வாண்டு தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் தலையில் வைத்தது.

“தபால்காரருக்கு இன்னும் வலி போகலியா, தாத்தா?”

கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டது. சிரித்தது கிழவர்தான். சத்தமாக.

நூர்ஸாத் புத்தகத்தை எடுத்தாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கிழிக்கவில்லை.

“வீட்டுல இப்படிச் சிரிச்சு நான் பார்க்கலியே.” குரல் இறங்கிவிட்டது. “இதை வரைஞ்சது யாருக்கா? பேரைச் சொல்லுங்க.”

“நான் சொல்லிடுவேன். நீதான் திருப்பிச் சொல்ல முடியாது.”