வேதமணி வரைந்த அடுக்களை

வேதமணி வரைந்த அடுக்களையை யாரோ கெடுத்து வைத்திருந்தார்கள்.

நேற்று மூலையில் ஒட்டி வைத்த பிரிட்ஜ், இன்று கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு அடி தள்ளி நின்றது.

"எவம்லே அது?" என்றார்.

வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. மனைவி ஜெபசுதா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்.

உப்புக்காற்றில் அடுக்களை அலமாரியெல்லாம் இற்றுப் போயிருந்தது. ஆசாரி பாண்டியராஜ் வந்து பார்த்துவிட்டு, "எது எங்கன வரணும்னு ஒரு படம் குடுங்க அண்ணாச்சி. திங்கக்கெழம ஆரம்பிச்சிரலாம்" என்று சொல்லிப் போனான்.

படம் போட இன்டர்நெட்டில் இலவசமாக ஏதும் கிடைக்குமா என்று தேடினார். முதலில் அகப்பட்டது கார்டு நம்பர் கேட்டது. மூடினார். அடுத்தது ஆயிரம் பொத்தானோடு வந்து கம்ப்யூட்டரையே படுக்க வைத்தது. அதையும் மூடினார். மூன்றாவது சாது. நீள அகலம் சொன்னால் அறை போட்டுக் கொடுத்தது. அடுப்பு, அலமாரி எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தன. இழுத்து வைத்தால் போதும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கன்டெய்னரை விரல் நுழையாமல் அடுக்கியவருக்கு இது ஒரு வேலையா? ஒரே மூச்சில் முடித்து, லிங்கைப் பாண்டியராஜுக்கும் பெங்களூரில் இருக்கும் மகன் நேசக்குமாருக்கும் அனுப்பினார். லிங்க் கையில் இருந்தால் யாரும் படத்தை மாற்றலாம். அதுதான் வினையாகிவிட்டது.

பிரிட்ஜை மறுபடி மூலைக்குத் தள்ளினார். மறுநாள் அது திரும்பவும் தள்ளி நின்றது. கூடவே அடுப்பு மேடை ஆறு அங்குலம் உயர்ந்திருந்தது. சாப்பாட்டு மேசைக்கு அவர் போட்டது ஒற்றை நாற்காலி. இப்போது மூன்று.

பாண்டியராஜைப் போனில் பிடித்தார்.

"ஏலே, கூலியைக் கூட்டவா மேடைய ஒசத்துன?"

"நான் எதுக்கு அண்ணாச்சி அதத் தொடப்போறேன்? இருங்க, பாக்கேன்." படத்தைத் திறந்து பார்த்தான். "மாத்துனது யாரா இருந்தாலும் சரியாத்தான் மாத்தியிருக்காவ. நீங்க வச்ச மாதிரி வச்சா பிரிட்ஜ் கதவு எப்படித் தொறக்கும்? கன்டெய்னர்னு நெனச்சு அடுக்கிட்டியளோ?"

"மேடை?"

"பழைய மேடை அளவையே போட்டிருக்கிய. மதினி கட்டையான ஆளு, அவியளுக்குச் சரி. இனிமே நின்னு பொங்கப்போறது நீங்கதான?"

வேதமணி போனை வைத்துவிட்டார். ஒரு வருஷமாக, ஒற்றைத் தட்டைக் கழுவக் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறவர்தான். ஆனாலும் வரைய உட்கார்ந்தால் ஜெபசுதாவின் உயரத்தைத் தவிர வேறு உயரம் கைக்கு வரவில்லை.

மகனைக் கூப்பிட்டார்.

"படத்துல கைய வச்சியா?"

"இன்னும் தொறந்தே பாக்கலப்பா. மீட்டிங்ல இருக்கேன்."

"சாப்பிட்டி..."

அதற்குள் மகன் போனை வைத்துவிட்டான்.

நாலு வருஷமாகப் பேச்சு இந்த அளவுதான். வேற சபைக் கோயில், வேற ஜாதி, வேண்டாம் என்று இவர் சொல்லச் சொல்ல, திரேஸ்புரத்து மீன் வியாபாரி மகளைக் கட்டினான் நேசக்குமார். மருமகளை வேதமணி வாசல்படி ஏற விட்டதில்லை. ஜெபசுதாவின் அடக்கத்துக்கு வந்தவள் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிப் போனாள்.

மூன்று நாற்காலியைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

"இங்கன எவன் வந்து உக்காரப் போறான்?"

இரண்டைத் தூக்கி அறைக்கு வெளியே கடாசினார். கள்ளனைக் கையோடு பிடிக்க கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் படத்தின் ஓரத்தில் ஒரு சின்ன மவுஸ் அம்பு தலைகாட்டியது. அவருடைய அம்பு இல்லை; வேறு யாரோ அதே படத்தைத் திறந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பேர் ஒட்டிக்கொண்டு வந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

அந்த அம்பு ஒரு நாற்காலியை இழுத்து வந்து மேசையருகே வைத்தது. அடுத்ததையும் இழுத்து வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. இவருடைய அம்பைப் பார்த்துவிட்டது போல.

இரண்டு அம்பும் அசையவில்லை.

பிறகு அது இரண்டு நாற்காலியையும் ஒவ்வொன்றாக அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, மெல்ல ஓரத்தை நோக்கித் திரும்பியது.

"நில்லு" என்றார் வேதமணி. கம்ப்யூட்டருக்கு ஏது காது? மவுஸைப் பிடித்தார். ஒரு நாற்காலியை உள்ளே இழுத்து வந்தார். இன்னொன்றையும்.

அம்பு போகவில்லை.

திங்கட்கிழமை பாண்டியராஜ் வந்து படத்தைப் பார்த்தான்.

"இப்பத்தான் அண்ணாச்சி இது அடுக்களை. யாரு சரிபண்ணுனது, மவனா?"

அந்த வீட்டில் ஒருநாளும் சொல்லாத பேரை வேதமணி சொன்னார்.

"எம் மருமவ. ஷெர்லின்."