தாய் என்ற இடத்தில்

ஸால்ட்டோ நகர மருத்துவமனையின் சிறிய அறைக்குள் மாலை வெயில் சாய்வாக விழுந்து, மேசைமேல் இருக்கும் இரண்டு படிவங்களையும் மஞ்சளாக்குகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நொயெலியாவுக்கு நான்கு வருட உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வில் இடம் கிடைத்திருக்கிறது. குழந்தையின் பார்வை போகும் திசையைக் கவனித்து, ஆட்டிசத்தைச் சீக்கிரமே கண்டறியும் செயலியைப் பற்றிய ஆய்வு. சோதித்துப் பார்க்க, மகள் அப்ரிலின் பழைய வீடியோ ஒன்றை அவள் டேப்லெட்டில் அந்தச் செயலிக்குள் ஓடவிடுகிறாள். ஒன்றரை வயது அப்ரில் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயரை ஐந்து முறை கூப்பிட்ட குரல் கடைசியில் சிரிக்கிறது: "மகாராணி திரும்ப மாட்டாங்களாம்." அது நொயெலியாவின் குரல். திரையில் செயலியின் எச்சரிக்கையாகச் சிவப்புக் கட்டம் எரிகிறது. எதிரே மாத்தே பானம் உறிஞ்சிக்கொண்டிருந்த பேராசிரியர் எத்சார்ட் குழலை வாயிலிருந்து எடுக்கிறார். "அப்ரிலுக்கு ஆட்டிசம்னு எப்பம்மா தெரிஞ்சுது?" "ஏழு வயசுல, புரொஃபெ. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் பயிற்சி குடுத்துட்டிருந்தேன்." "இந்த வீடியோ ஆய்வுல வேணாம். நீங்க சேர்றதுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்க." "இருக்கட்டும். அப்ரில்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டா." ஆய்வாளர் படிவத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, மற்றதில், வீடியோவுக்கான பெற்றோர் ஒப்புதல் படிவத்தில், 'தாய்' என்ற சொல்லுக்கு நேரே அவள் முதலில் கையெழுத்திடுகிறாள்.