மூன்றாவது எஞ்சின்

பழைய இரும்புக் கடையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியாக வெயில் வட்டவட்டமாக உள்ளே விழுந்து கிடக்கிறது. அவளுடைய பழைய டர்ட் பைக்கின் எஞ்சின் போன வாரம் மலைப்பாதையில் இறுகி நின்றுவிட்டது. மாற்று எஞ்சின் தேடி வந்தவள், மேசைமேல் கிடக்கும் மூன்றின் முன் நிற்கிறாள். முதலாவதன் கிக்கரைக் கையால் அழுத்துகிறாள், அசைவேனா என்கிறது. இரண்டாவது பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று சுற்றுகிறது. மூன்றாவதுதான் கைக்கு எதிர்த்து நின்று, பிறகு யாரோ மூச்சு விடுவதுபோல் மெல்ல இறங்குகிறது. துணியால் அதன் பிசுக்கைத் துடைக்கிறவளின் கை சட்டென நிற்கிறது. சிலிண்டரின் பக்கவாட்டில், உடைந்த தகட்டைக் கோணல்மாணலாகப் பற்றவைத்த தழும்பு. பற்றவைத்தவள் அவளேதான். இது அண்ணனின் வண்டி எஞ்சின். காட்டுப் பாதையில் அண்ணன் காணாமல் போய் இரண்டு வருடமாகிறது. தேடிப் போனவர்களுக்கு அந்த வண்டியின் ஒரு திருகாணிகூட அகப்படவில்லை.

“கடைக்காரண்ணே, இது எப்படி இங்க வந்துச்சு?”

கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்தபடியே சொல்கிறார்: “காலைலதாம்மா ஒருத்தர் தோள்ல தூக்கிட்டு வந்து வெச்சார். காசு வேணாம்னுட்டார். என் தங்கச்சி வருவா, அவகிட்ட குடுத்துடுங்கன்னார். அது நீதானா?”

அவள் உள்ளங்கையை எஞ்சின்மேல் வைக்கிறாள். வெகுதூரம் ஓடி இப்போதுதான் வந்து நின்றதுபோல் அது சுடுகிறது. அவள் கையை எடுக்கவில்லை.

“இதையே எடுத்துக்கறேண்ணே” என்கிறாள்.