ஆறாவது துணி

பச்சைத் தண்ணீரில்தான் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை இறுகிவிடும்.

அவன் துணியைப் பிழிந்து, பின் இருக்கையின் ரெக்ஸின் மேல் மெதுவாக இழுத்தான்.

வாளி நீர் சிவந்தது. மாற்றினான். மறுபடியும் சிவந்தது.

உச்சி வெயில். அரசு மருத்துவமனை வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடி. நான்கு கதவுகளும் திறந்து கிடந்த அவனுடைய வாடகைக் கார்.

ஒரு மணி நேரத்துக்கு முன், மூடிக் கிடந்த ரயில்வே கேட்டின் முன்னால், இந்த இருக்கையில் ஒரு குழந்தை பிறந்தது.

அவன் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பெண் முதல் முறை அலறியபோதே, பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான். பிறகு சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

கேட் திறந்தபோது பின்னால் அமைதியாக இருந்தது.

அந்த அமைதி இன்னும் காருக்குள்ளேயே இருந்தது.

தாய்க்கு ஒன்றுமில்லை என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டார்கள். குழந்தையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

தாய் செண்பகவல்லியின் அக்கா முப்பிடாதி வார்டின் படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைக் கையில் ஏந்தியவள் அவள்தான்.

"அழவே இல்ல அண்ணாச்சி. நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. மடியில போட்டுக்கிட்டு நான் கண்ண இறுக்கி மூடிட்டேன். பாக்கத் தைரியம் இல்ல."

சொல்லிவிட்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

அவன் போயிருக்கலாம். முடியவில்லை. கார் அழுக்காக இருக்கும்வரை இங்கே நிற்க ஒரு காரணம் இருந்தது.

அதனால் மெதுவாகத் துடைத்தான்.

தையல் ஓரங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தான். பெல்ட் கொக்கியைத் துடைத்தான். ரப்பர் விரிப்பை உதறிக் கழுவினான். ஏ.சி. காற்று வரும் இடுக்குகளில் ஒரு துளிகூடத் தெறித்திருக்கவில்லை. அவற்றையும் துடைத்தான். இருக்கைக்கடியில் அந்தப் பெண்ணின் செருப்புகள் கிடந்தன. கழுவி, சோடி சேர்த்து, நிழலில் வைத்தான்.

அவனிடம் ஆறு துணிகள் இருந்தன. போன வாரம் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தது. ஐந்து, கண்ட வேலைக்கும். ஆறாவது டேஷ்போர்டுக்கு மட்டும். முரட்டுத் துணி பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். வேட்டியின் நடுப்பாகம் அது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. மனைவி அதை வெந்நீரில் அலசி, காயவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தாள். டேஷ்போர்டு அறைக்குள் வைத்தவன் இன்னும் பிரிக்கவில்லை.

வாசல் காவலாளி செல்லையா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னவே, காரக் கழுவுதீரா, கரைக்கீரா?"

அவன் துணியை வாளியில் பிழிந்தான்.

செல்லையா வாளிக்குள் பார்த்தார். சிரிப்பு நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய், ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீர் பிடித்து வந்து வைத்தார்.

கடைசியாக, பின்னிருக்கையின் வலப்பக்கக் கதவின் உட்புறம். முப்பிடாதி உட்கார்ந்திருந்த பக்கம்.

துணியை வைக்கப் போன கை நின்றது.

சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு தடம். பழுப்பாகக் காய்ந்திருந்தது. அவன் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். மேல் நுனியில் ஐந்து புள்ளிகள். கடைசிப் புள்ளி கடுகளவு.

பாதம்.

அவன் மண்டியிட்டான்.

உயிரில்லாத காலும் கதவில் படும். பட்டால் ஒரு தடம்தான் இருக்கும்.

இதற்கு மேலே இன்னொன்று இருந்தது. அதற்கும் மேலே, சற்றுச் சாய்வாக, இன்னொன்று. அதில் குதிகால் வழுக்கி இழுபட்டிருந்தது.

மூன்று.

உதைத்திருக்கிறது.

ரயில் இரைந்துகொண்டிருந்தபோது, ஒருவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, உலகத்துக்கு வந்து இரண்டு நிமிடம்கூட ஆகாத ஒன்று, யாரும் பார்க்காமலே உதைத்திருக்கிறது.

இத்தனை வருடமாக எத்தனையோ பேர் திறந்து மூடிய கதவு. அவன் அதை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஏ தாயி. இங்க வா. ஓடி வா."

முப்பிடாதி வந்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு விரலை அருகில் கொண்டுபோனாள். தொடவில்லை. அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வார்டு வாசலிலிருந்து ஒரு குரல்: "செண்பகவல்லி கூட வந்தது யாரு?"

அவள் ஓடினாள்.

அவன் மண்டியிட்டபடியே இருந்தான். ஈரத் துணியிலிருந்து சொட்டிய நீர் மண்ணில் சிறு குழி பறித்தது. பின் அதுவும் நின்றது.

அவள் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. கன்னமெல்லாம் ஈரம்.

"அண்ணாச்சி, பழைய வேட்டி எதும் இருக்கா? நர்சம்மா கேக்காவ. புதுத்துணி உறுத்துமாம். நல்லாத் தொவச்சு மெத்துன்னு இருக்கணுமாம். ஒடம்பு சில்லிட்டுறக் கூடாதாம், சீக்கிரம்."

அவன் எழுந்து முன்னிருக்கையில் ஏறினான். டேஷ்போர்டு அறைப் பக்கம் நீண்ட கை, பாதியில் நின்றது.

இறங்கி வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். செல்லையா குவளையில் மொண்டு ஊற்றினார். சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்தான். ஒருமுறை. இன்னொரு முறை. நகக்கண் ஒவ்வொன்றாக.

பிறகுதான் ஆறாவது துணியைத் தொட்டான்.