இடப்பக்க இருக்கை

நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

இடப்பக்க இருக்கையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, ஸ்டெப்னிக்கு ஒண்ணு வைக்கலையா?"

நாக்கு இன்னும் குழறத்தான் செய்தது. கிண்டலில் ஒரு குறையும் இல்லை.

முப்பது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர். சொந்தக் காரில் அந்தப் பக்கம் உட்காருவது இதுதான் முதல் தடவை.

அவள் கையிலிருந்த காலண்டர் தாளைப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்க அவள் எழுத்து. காற்று நேற்றே பிடித்தாயிற்று, ஸ்டெப்னிக்கும் சேர்த்து. ஆயில், வைப்பர், இன்சூரன்ஸ் தாள். புளியோதரை. அவருடைய மாத்திரை இரண்டு வேளைக்கு. வழியில் எங்காவது நின்றுவிட்டால் என்று இன்னும் இரண்டு வேளைக்கு. லைசென்ஸ்.

லைசென்ஸ் வந்து பதினொரு நாள் ஆகிறது. படத்தில் அவள் முகம் மிரண்டிருந்தது.

குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம். அருவியில் குளிக்க முடியாது. சாரலில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும் என்று கேட்டிருந்தார். இந்த ஐந்து மாதத்தில் அவராக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கால் அசையவில்லை.

தினமும் காலையில் அந்தப் பாதத்துக்கு அடியில் ரப்பர் பந்தை வைப்பாள். அமுக்குங்க என்பாள். அவருக்கு நெற்றி வேர்க்கும். பந்து அப்படியே இருக்கும்.

இன்று காலையில் அவர் முயலவே இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தனக்குத் தகுந்த மாதிரி திருப்பினாள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லாததுதான் ஆச்சரியம்.

வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கின.

ஞாயிற்றுக்கிழமை. பைபாஸில் ஆளே இல்லை. மூன்றாவது கியர் சுலபமாக விழுந்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் முன்னால் ஒரு வேகத்தடை. தாமதமாகத்தான் கண்ணில் பட்டது.

"ஏட்டி... ஏட்டி..."

மிதித்தாள். வண்டி குலுங்கி ஏறி இறங்கியது. ஓரமாக நிறுத்தினாள்.

நல்ல வசவு வரப்போகிறது என்று தலையைத் திருப்பினாள். கண் கீழே போயிற்று.

தரையில் போட்ட ரப்பர் விரிப்பு கசங்கியிருந்தது. அவருடைய வலது கால் அதை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இல்லாத ஒரு பிரேக்கை.

அவர் சாலையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். இன்னும் தெரியவில்லை அவருக்கு.

உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். முதல் கியர். இரண்டாவது.

தூரத்தில் அடுத்த வேகத்தடை. மஞ்சள் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

கண்ணாடியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.

பிரேக்குக்குப் போக வேண்டிய காலை, ஒரே ஒரு கணம், தாமதப்படுத்தினாள்.