பின்னால் தள்ளிய இருக்கை

காரின் ஓட்டுநர் இருக்கை மறுபடியும் பின்னால் தள்ளியிருந்தது. நெரிடா அதை முன்னால் இழுத்து வைத்துத்தான் ஓட்டுவாள். நெட்டையான அவள் கணவன் ராஸுக்கு வலிப்பு நோய். அவன் கார் ஓட்டவே கூடாது.

"நான் தூங்குறப்ப எடுத்துட்டுப் போனியா? டப்போ ஊருக்குப் போற ரோட்டுல எவ்வளவு லாரி வருது. சாகணுமா உனக்கு?"

"ஓட்டல. சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"உட்கார்ந்து? அடைகாத்தியா?"

"மனநல ஆலோசகர்கிட்ட போன்ல பேசினேன். வீட்டுக்குள்ள பேசினா உனக்குக் கேட்டுடும்."

"எனக்குக் கேக்கக் கூடாத அளவுக்கு அப்படி என்ன பேச்சு?"

ராஸ் தலைகுனிந்தான். "வலிப்புகூட பயமில்ல, நெரி. கண்ணு முழிச்சதும் தெரியுற அரண்டுபோன உன் முகந்தான் பயம்."

அந்த முகத்தை மாற்றப் பழகத்தான், வாராவாரம் கடை வாசலில் காரை நிறுத்தி, அதே இருக்கையிலிருந்து அவளும் ஓர் ஆலோசகரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.