நெஞ்சுவலிக்காரர்

"இப்ப உள்ள போறீங்களா, இல்ல நான் தூக்கிட்டுப் போவணுமா?"

அமிர்தவல்லி போட்ட சத்தத்தில் ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். அவள் புருஷன் தணிகாசலம் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. சேதராப்பட்டு கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். காலையில் நெஞ்சு வலிக்குது என்று அவர் சொன்னதும், கொதிக்கிற குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு உழவர்கரையிலிருந்து இழுத்து வந்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு அமிர்தம்."

"நெஞ்சுல ஜெல்லத் தடவி கருவிய வெச்சுப் பாப்பாங்க, அவ்ளோதான். ஊசி கூட கெடையாதுன்னு நர்சம்மா சொல்றாங்க."

"அப்ப நீ மொதல்ல படுத்துக் காட்டு. அப்புறம் நான்."

பக்கத்திலிருந்த, பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் பெரியவர் வாய்விட்டே சிரித்தார். ஆறடி ஆள் பெண்டாட்டி முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"மானத்த வாங்குறீங்க" என்று பல்லைக் கடித்தாள். ஆனால் டாக்டர் தீபலட்சுமி கூப்பிட்டதும் விறுவிறுவென்று போய்ப் படுத்துவிட்டாள். புருஷனுக்காகத் தீமிதிக்கச் சொன்னாலும் மிதிப்பாள். தணிகாசலம் பின்னாலேயே வந்து கால்மாட்டில் நின்றார்.

டாக்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "பிரஷர் இருக்காம்மா?"

"தெருவுல கேம்ப் போட்டப்ப இருக்குன்னாங்க. தலை சுத்துற அன்னைக்கு மட்டும் மாத்திரை போட்டுக்குவேன். மத்தபடி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"இதயத்தோட சுவர் தடிச்சிருக்கு."

"தடிச்சா பலம்தான டாக்டர்?"

"இல்லம்மா. அதிகப் பிரஷர எதிர்த்து ரத்தத்தத் தள்ளித் தள்ளித் தடிச்சது. தடிக்கத் தடிக்க இதயம் விறைச்சுக்கும். பிரஷர்காரங்கள்ல இப்படித் தடிச்சவங்களுக்குத்தான் மாரடைப்பு, பக்கவாதம் வர்ற ஆபத்து அதிகம். நல்லவேளை, இப்பவே பாத்துட்டோம். தலை சுத்துனாலும் சுத்தாட்டியும் தினம் மாத்திரை போடணும். கருவாடு, ஊறுகாயக் குறைக்கணும். தடிப்பும் குறையும், ஆபத்தும் குறையும்."

அமிர்தவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. அதுவும் தனக்காக இல்லை.

"வலியே இல்லாத எனக்கே இப்படின்னா, வலிக்குதுன்னு சொல்றவருக்கு எப்படி இருக்கும்? மொதல்ல அவரப் பாருங்க டாக்டர்."

கட்டிலை விட்டு இறங்கி அவரைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. கருவியைத் துடைத்து வைத்துவிட்டுச் சிரித்தார். தணிகாசலம் மனைவியின் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். இப்போது அவர் முகத்தில் பயம் துளியும் இல்லை.

"எனக்கு வலிக்கவே இல்ல அமிர்தம். டாக்டர்கிட்ட நேத்தே சொல்லி வெச்சுட்டேன். உனக்கு வலிச்சா நீ ஆஸ்பத்திரிக்கு வரமாட்ட. எனக்கு வலிச்சாத்தான வருவ."